தண்ணீர் தொடாத சம்பந்தி

என் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. வலது உள்ளங்கைதான் வருகிறது. எதை நீட்டினாலும் அந்தக் கை டிராபிக் போலீஸ் கை மாதிரி நெஞ்சுக்கு முன்னால் வந்து நிற்கும். கூடவே ஒரே ஒரு சொல்.

"இருக்கட்டுங்க."

நாற்காலி போட்டால் இருக்கட்டுங்க. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினால் இருக்கட்டுங்க. பந்தியில் இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் அந்தக் கை இலைக்குக் குடை பிடித்துவிடும். பழனி தாண்டித் தொப்பம்பட்டிப் பக்கத்தில் தென்னந்தோப்பும் கிணறும் வைத்திருந்த மனிதர், பிச்சைக்காரர் இல்லை. ஆனால் தன்னால் இன்னொருவருக்கு இம்மி தொந்தரவு வந்துவிடக் கூடாது என்பதில் ஆயுசு முழுக்கக் காவல் இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. பெயரைப் போட்டு எழுதலாம்தான். "என் பேரு எதுக்குங்க, அந்த எடத்துல வேற நல்ல சேதி போடட்டுமுங்க" என்று அங்கிருந்தே கையைக் காட்டுவார். அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவேன், கொடுக்காவிட்டால் சத்தம் போட்டு வாங்குவேன். நான்காம் வகுப்போடு படிப்பு நின்று, சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தெருத்தெருவாகத் தண்ணீர் விற்றவன் நான். திண்டுக்கல் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் ஆகும், பாத்திரம் கழுவினால் வெள்ளை பூக்கும். அந்த ஊரில் தண்ணீரை வைத்தே டிராக்டர் வாங்கி, லாரி வாங்கி, கடைசியில் கேன் தண்ணீர் பிளாண்ட் போட்டு, மாடி வைத்த வீடும் கட்டினேன். கல்யாண மண்டபமா, வங்கியா, பிரியாணிக் கடையா, எங்கே போய் ஒரு டம்ளர் எடுத்தாலும் பெரும்பாலும் அது என் தண்ணீராக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவன் வீட்டில், முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து படுத்த ஒரு மனிதர் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் குணம் புரிய வேண்டுமானால் கல்யாண ஆல்பத்தைப் பார்க்க வேண்டும். மணமக்களோடு இரண்டு குடும்பமும் நிற்கிற பெரிய படம். எல்லாரும் சிரிக்கிறோம். சம்பந்தி மட்டும் கண்ணை உருட்டி, உதட்டைக் கடித்து, மேலே விதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகளைப் பிரிகிற துக்கம் என்று என் வீட்டுக்காரி அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை எடுப்பாள். ரொம்ப நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் சித்தப்பா, நல்ல கனத்த சரீரம், படம் எடுத்து முடிக்கிறவரை சம்பந்தியின் இடது கால் மேல் ஏறி நின்றிருக்கிறார்.

"சொல்ல வேண்டியதுதான சம்பந்தி?" என்றேன்.

"பெரியவருங்க. எடம் பத்தலயாட்ட இருந்துதுங்க. நின்னுட்டுப் போகட்டும்னு உட்டுட்டனுங்க."

முழங்கால் விஷயமும் இப்படித்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்து, நடந்தால் கரகரவென்று சத்தம் கேட்கும். டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "வலி இருக்குதுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றார். என் மருமகள், அதாவது அவர் மகள், அழுது சண்டை போட்டுத்தான் முதலில் வலது முழங்காலை மாற்றச் சம்மதிக்க வைத்தாள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கிராமத்து வீட்டில் குத்த வைத்து உட்காரும் கக்கூஸ், அதுவும் கொல்லைக் கடைசியில். புது முழங்காலுக்கு அது ஆகாது. என் வீட்டில் கீழேயே கமோடு வைத்த பாத்ரூம் இருக்கிறது. அதனால் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். வழக்கம்போலக் கை மேலே வந்தது. அன்றைக்கு மட்டும் யாரும் அதைப் பார்க்கவில்லை.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆபரேஷன் ஆன உடம்பு, ஆட்டம் அசைவு குறைவு, தண்ணீர் குறைந்தால் காலில் ரத்தம் உறைய வாய்ப்பு இருக்கிறது. வலி மாத்திரைக்கு மலச்சிக்கல் வேறு வரும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"டாக்டர், நீங்க சரியான எடத்துக்குத்தான் அனுப்புறீங்க," என்றேன்.

அன்றைக்கே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு, குழாய் வைத்த கேனை ஏற்றி, கை நீட்டினால் எட்டுகிற மாதிரி எவர்சில்வர் டம்ளரும் வைத்தேன். ஒரு ராஜாவுக்குக் கூட இப்படி நடந்திருக்காது.

டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. மாத்திரை போட ஒரு வாய். அவ்வளவுதான். ஊற்றிக் கொடுத்தால் வாங்குவார், உதட்டில் வைப்பார், கீழே வைப்பார். "செத்த பொறுத்துக் குடிச்சுக்கிறனுங்க."

மற்றதிலும் அப்படித்தான். ஒரு நாள் பார்த்தால், ஆபரேஷன் ஆன காலில் வைத்த ஐஸ் பை மேல் எங்கள் வீட்டுப் பூனை ஏறிச் சுருண்டு படுத்திருக்கிறது. மனிதர் அசையாமல் மல்லாந்து கிடக்கிறார்.

"வெரட்ட வேண்டியதுதான சம்பந்தி?"

"இப்பத்தானுங்க தூங்குச்சு."

எக்சர்சைஸ் சொல்லிக் கொடுக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒல்லியான பெண், வாய் மட்டும் நல்ல கனம். அவரை வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னாள். எழுந்தவர் ஆடினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவள் அவர் உதட்டைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"ஐயா, யூரின் என்ன கலர்ல போகுது?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். காது மடல் வரைக்கும் சிவந்து போனார்.

"நல்ல கலருங்க," என்றார்.

அவள் வெளியே வந்து டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினாள். பிறகு எங்களிடம் சொன்னாள். "தண்ணி சுத்தமா பத்தல. அதான் தல சுத்துது. இப்படியே விட்டா கீழ விழுந்து வெப்பாரு, இல்ல கால்ல ரத்தம் உறைஞ்சு வேற வம்பாகும். நாளைக்கு வந்து பாப்பேன். இதே மாதிரி இருந்தா மறுபடியும் அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்தச் சொல்லிட்டாரு."

மருமகள் கண் கலங்கிவிட்டது. எனக்கு வேறு மாதிரிக் கலங்கியது. தண்ணீர்க்காரன் வீட்டில் தங்கிய ஆள் தண்ணீர் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று ஊரில் ஒருத்தன் சொன்னால் போதுமே.

அவர் ஏன் குடிக்க மாட்டேன் என்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண் பார்க்கப் போன நாள் கதை அது. என் சட்டைப் பையில் எப்போதும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். பேனா மாதிரி ஒரு கருவி, தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று நம்பர் காட்டும். தண்ணீரைக் கண்டால் முக்குவது எனக்குக் கைப்பழக்கம். தொப்பம்பட்டி வீட்டில் பெண் செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். முக்கினேன். வந்த நம்பரைச் சபையில் சத்தமாகப் படித்து, "சம்பந்தி, இது குடிக்கிற தண்ணி இல்ல, ஊறுகாய் போடுற தண்ணி" என்றேன். வீட்டுக்காரி என் இடுப்பில் கிள்ளிய அடையாளம் இன்னும் இருக்கிறது. தொழில் தெரிந்தவன் உண்மையைச் சொன்னேன், அதில் என்ன பிழை என்று இன்றைக்கும் கேட்கிறேன். அவர் அன்றைக்கும் "இருக்கட்டுங்க" என்றுதான் சொன்னார். பிறகு அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க இங்கே வந்தபோது, நான் நீட்டிய டம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டுக் குடிக்காமல் கீழே வைத்தார்.

அந்த டம்ளரை நான் மறக்கவில்லை. மனிதர் வன்மம் வைத்துவிட்டார், என் வீட்டுத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். இதில் இன்னொரு வேடிக்கை, ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர் நன்றாகத் தண்ணீர் குடித்தார். அந்த ஆஸ்பத்திரிக்குக் கேன் போடுவதே நான்தான். மேலே ஒட்டிய காகிதம் கிழிந்திருந்ததால் அது என் தண்ணீர் என்பது அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, என் தண்ணீர்தானே வேண்டாம். அன்றைக்கு நான் செய்த காரியத்தை என் பகையாளி கூடச் செய்யச் சொல்லியிருக்க மாட்டான். எனக்குப் போட்டியாகத் தொழில் செய்கிறவனுடைய கேனை விலைக்கு வாங்கினேன். சாக்கைப் போர்த்தி, ஆட்டோவில் வைத்து, சந்து வழியாகக் கொண்டுவந்து இறக்கும்போது எதிர்வீட்டுக்காரன் பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, நம்ம பிளாண்ட மூடியாச்சா?"

"ஏலே, உள்ள போய் ஒன் வேலையப் பாருடா."

அந்தக் கேனைக் கொண்டுபோய் ஸ்டாண்டில் ஏற்றினேன். "சம்பந்தி, இது என் தண்ணி இல்ல. வேற ஆளு தண்ணி. தைரியமாக் குடிங்க."

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "எந்தத் தண்ணியா இருந்தா என்னங்க. இருக்கட்டுங்க."

இனி ஒரே வழிதான். சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தம்மா தங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிளாஸ்டிக் கேனில் பிடித்து, பழனியிலிருந்து வருகிற பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டார். மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று இறக்கினேன். கண்டக்டர் என் முகத்தைத் தெரிந்தவன்.

"என்ன மொதலாளி, இப்பல்லாம் தண்ணி வெளியூர்ல இருந்து வருதா?"

ஸ்கூட்டரில் கேனை முன்னால் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். சைக்கிளில் குடம் கட்டிய காலத்தில் கூட நான் இவ்வளவு வெட்கப்படவில்லை. மீட்டரைத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

அவர் ஒரு மடக்குக் குடித்ததும் கண்டுபிடித்துவிட்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க சம்பந்தி, இது நம்ம கெணத்துத் தண்ணியில்லீங்களா? இதுக்குப் போயி இத்தன சிரமம் எதுக்குங்க?"

இன்னொரு மடக்கு. அவ்வளவுதான், டம்ளர் கீழே இறங்கியது. கை மேலே ஏறியது.

எனக்குத் தலை சுற்றியது. சொந்தக் கிணற்றுத் தண்ணீரையும் குடிக்க மாட்டேன் என்றால் அப்புறம் இந்த மனிதருக்கு யார் மேல்தான் கோபம்? சமையலறைக்குப் போய் மருமகளிடம் புலம்பினேன்.

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப மடக் மடக்னு குடிச்சாரேம்மா. அங்க இருந்து இங்க இல்லாதது என்னம்மா?"

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே யோசித்தாள். "இங்க எல்லாந்தான் இருக்கு மாமா. அங்க ஒரு வார்டு அண்ணன் இருந்தாரு. எந்திரிக்க வெக்கிறது, பாத்ரூம் கூட்டிட்டுப் போறது எல்லாம் அவருதான். அப்பா அவருகிட்ட மட்டும் கூச்சமில்லாம இருப்பாரு. இங்க நான் கூப்பிட்டா வேண்டாங்கிறாரு. காலையில உங்க பையன் ஆபீஸ் போறப்ப ஒரு தடவ கூட்டிட்டுப் போவாரு, வந்தப்பறம் ஒரு தடவ. அதோட சரி."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும், அது உள்ளே போவதைப் பற்றி மட்டுமே யோசித்தவன் நான்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"சம்பந்தி, மறைக்காமச் சொல்லுங்க. போறதுக்குப் பயந்துக்கிட்டுத்தான குடிக்காம இருக்கீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"குடிச்சா போகோணுமில்லீங்க. போகோணும்னா ஆரையாச்சும் கூப்புடோணுமில்லீங்க. மாப்பிள்ளை வீடு பாக்க வந்தன்னைக்கே, எங்க போறதுன்னு கேக்கக் கூச்சப்பட்டுட்டுக் குடிக்கலீங்க. அந்த ஸீட்டுல இருந்து தனியா எந்திரிக்க முடியறதில்லீங்க, பின்னால இருந்து தூக்கோணும். பெத்த புள்ளயப் போயித் தூக்கச் சொல்ல முடியுங்களா? கண்ணாலத்துல காலக் கழுவி உள்ள கூட்டிட்டு வந்த மாப்பிள்ளைய, நாளைக்கு ரெண்டு வாட்டி கூப்புடறதுக்கே எனக்கு உசிரு போவுதுங்க."

"நான் இருக்கேன்ல?"

"நீங்க சம்பந்திங்க," என்றார், எனக்குத் தெரியாததைச் சொல்வது போல. "உங்க முன்னால வேட்டி நெகுந்து போச்சுன்னா என்னுட மரியாதி என்னத்துக்காவறதுங்க? அதுக்கு ஆஸ்பத்திரிக்கே போயர்றனுங்க."

இந்த இடத்தில் வேறு ஆளாக இருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பான். ஆறுதல் சொன்னால் அதற்கும் கை காட்டிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் வியாபாரி. ஒன்றை வாங்க வேண்டுமானால் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதனால் வீட்டுக்காரிக்கும் டாக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"சம்பந்தி, ஊருக்கெல்லாம் தண்ணி குடி தண்ணி குடின்னு சொல்றேன்ல. பொழுது சாய்ஞ்சா நான் ஒரு சொட்டுக் குடிக்கிறதில்ல. எனக்கு மூத்திரப் பைக்குக் கீழ ஒரு சுரப்பி வீங்கியிருக்கு. வந்துச்சுன்னா வந்ததுதான், நிக்காது. எந்த மண்டபத்துக்குப் போனாலும் மொதல்ல பாத்ரூம் எங்கன்னு பாத்துட்டுத்தான் செருப்பையே கழட்டுவேன்."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நிச்சயத்தன்னைக்கு, தட்டு மாத்தறப்ப பாதியில எந்திரிச்சுப் போனீங்களே…"

"அதுக்குத்தான்."

"அட சாமி. நாங்க சீரு கொறஞ்சுபோச்சுன்னு கோவிச்சுட்டுப் போறீங்கன்னு நடுங்கிப் போயிட்டமுங்க. அவசரத்துல எங்க அண்ணன் தன் கழுத்துச் சங்கிலியக் கழட்டிச் சீர்த்தட்டுல வெச்சாருங்க."

"அந்தச் சங்கிலி அதுலதான் வந்துச்சா?"

"அதுலதானுங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு எனக்கு. சிரிக்கும்போது முழங்கால் இழுத்து அவர் "அய்யோ, வலிக்குதுங்க, வலிக்குதுங்க" என்றார். அவர் வாயிலிருந்து வலிக்கிறது என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே எனக்கு ஆபத்து வந்துவிட்டது. சிரித்தால் வரும்.

"வாங்க, எந்திரிங்க, ரெண்டு பேரும் போவோம்," என்றேன். "என் சங்கதி உங்ககிட்ட இருக்கட்டும், உங்க சங்கதி எங்கிட்ட இருக்கட்டும். நீங்க ஒரு டம்ளர், நான் ஒரு டம்ளர்."

அன்று மாலையிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு. டம்ளரைத் தூக்கி இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு மடமடவென்று குடிப்போம். கொஞ்ச நேரத்தில் வாக்கர் முன்னால், அவர் அதற்குப் பின்னால், அவர் இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நான். உள்ளே அவரை உட்கார வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பேன். டைல்ஸில் என்ன பூ இருக்கிறது என்று வீடு கட்டியபோது கூட நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. பேசாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்தோ என்னவோ, உட்கார்ந்துகொண்டே எனக்கு முதுகுப்பக்கமாக நலம் விசாரிப்பார்.

"உங்க தம்பி வீட்ல எல்லாரும் சவுக்கியமுங்களா?"

"சவுக்கியம் சம்பந்தி."

"லாரி வேலைக்குப் போயிட்டு வந்துதுங்களா?"

"அத அப்புறம் பேசுவோம், நீங்க வந்த வேலையப் பாருங்க."

மறுநாள் பிசியோ பெண் வந்தாள். அவர் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார், ஆடவில்லை. கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். நாக்கைப் பார்த்துவிட்டு அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். டிரிப்ஸும் வேண்டாம், அட்மிட்டும் வேண்டாம் என்றாகிவிட்டது. "என்ன வைத்தியம் பண்ணீங்க?" என்று கேட்டாள். தொழில் ரகசியம் என்றேன். படித்த டாக்டர் போட்ட முழங்காலை, நான்காம் வகுப்புப் படித்த நான்தான் நடக்க வைத்தேன் என்று அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். எப்படி என்று மட்டும் சொன்னதில்லை.

கொஞ்ச வாரத்தில் அவருக்கு என் கை தேவைப்படாமல் போயிற்று. கமோடுக்கு இரண்டு பக்கமும் சுவரில் கம்பி அடித்துக் கொடுத்தேன். அதைப் பிடித்து அவரே எழுந்தார். நான் பெருமையாகக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வருவேன். இத்தனை நாள் வேண்டாம் என்றதையெல்லாம் சேர்த்துக் குடிப்பவர் போல டம்ளர் டம்ளராகக் குடிக்க ஆரம்பித்தார். கேன் இரண்டு நாள் தாங்கவில்லை.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு காலை. காப்பி குடித்துவிட்டுப் பேப்பரை விரித்திருந்தேன். எனக்கு வந்துவிட்டது. வேகமாகப் போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. உள்ளே சம்பந்தி ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி."

"இருக்கறனுங்க."

"செத்த சீக்கிரம் வாங்க."

"நீங்கதானுங்க அவசரப்படாம நிதானமா எந்திரிங்கன்னு சொன்னீங்க."

மாடியில் இரண்டு பாத்ரூம் கட்டியிருக்கிறேன். படி ஏறுவதற்குள் என் மானம் இறங்கிவிடும். என் காசில், நான் நின்று கட்டிய வீட்டில், நான் அடித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் உள்ளே பாடுகிறார். நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் முறுக்கி, ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

காப்பி டம்ளரை எடுக்க வந்த மருமகள் என்னைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னாச்சு மாமா? அப்பாவுக்கு எதும் ஆயிருச்சா?"

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒங்க அப்பாவுக்கு நல்லாயிருச்சு."